ஆடியில் வரைந்த தோட்டம்

ஜூலை 17, 2023

இன்று ஆடி முதல் நாள். ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் பழமொழியை அம்மா இந்த ஊருக்குப் பொருத்திச் சொன்னதே இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆடி குளிர்காலம். இப்போது வெண்டை விதையை ஊன்றினால் முளைக்காமல் மண்ணிலேயே அழுகிவிடும். கைப்பேசியில் இறக்கிய தோட்டத் திட்டச் செயலியோ தக்காளியை மார்ச்சில் விதைக்கச் சொல்கிறது. அது வட பாதி உலகத்தின் கணக்கு. ஊரை மாற்றிக் கொடுத்த பின்னும், கடைசி உறைபனி நாள் எது என்று கேட்டு அங்கேயே நின்றது. இந்தக் கடலோரத்தில் உறைபனி விழுவதில்லை. வேறு வழியின்றி ஆகஸ்ட் 15 என்று எழுதினேன். உடனே பட்டியல் முழுவதும் நம் பருவத்துக்குத் திரும்பிவிட்டது.

ஜூலை 19

வரைபடத்தை அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சுவர் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 20

சுவரை வரையாமல் விட்டது எப்படி என்று இரவெல்லாம் யோசித்தேன். பின்பக்கச் சுவர் வடக்கே நிற்கிறது; உயரம் 2 மீட்டர். டர்பனில் நண்பகல் சூரியன் எப்போதும் வடக்குப் பக்கமே நிற்பதால், சுவரின் நிழல் முழுவதும் நம் தோட்டத்துக்குள்தான் விழும். டிசம்பர் 21 அன்று நண்பகலில் அந்த நிழல் ஒரு சாண்தான். ஜூன் 21 அன்று ஏறத்தாழ 2.7 மீட்டர். இன்று நாடா வைத்து அளந்தபோது 2.4 மீட்டர் இருந்தது. சுவரோரமாக நான் வரைந்திருந்த பாத்திக்குக் குளிர்காலம் முழுவதும் நண்பகல் வெயிலே கிடைக்காது. அதைத்தான் அம்மாவுக்கென்று ஒதுக்கியிருந்தேன்.

ஜூலை 23

மின்வெட்டில் கணினி அணைந்து அட்டவணை அழிந்துவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன்.

ஜூலை 27

அம்மாவின் பாத்தியை வீட்டுப் பக்கம் நகர்த்திவிட்டேன். நாற்காலியில் இருந்தபடியே கை எட்ட வேண்டுமென்பதால் உயரம் 70 சென்டிமீட்டர், அகலம் 60, நீளம் 2.4 மீட்டர் என்று வைத்திருக்கிறேன்; நிரப்ப ஏறத்தாழ 1 கன மீட்டர் மண் வேண்டும். அம்மா வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். கத்தரி நாற்று நடும் பருவத்துக்கு வர ஆறு வாரமாவது ஆகும் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? தட்டில் விதைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2

குரங்குகள் வந்து பப்பாளிப் பிஞ்சுகளைப் பறித்துப் போட்டுவிட்டன. அட்டவணையில் வலைக்கென்று ஒரு பத்தி சேர்த்தேன்.

ஆகஸ்ட் 8

அம்மாவின் பரிசோதனை முடிவு இன்று வரும் என்றார்கள். வரவில்லை. கத்தரியும் முளைக்கவில்லை.

ஆகஸ்ட் 11

அம்மா தொலைபேசியில் பேசினார். குரல் மெலிந்திருந்தது. "சுவரை அளந்தாயே, கருவேப்பிலை மரத்தை அளந்தாயா?" என்று கேட்டார். நான் அதைச் சிறு வட்டமாகத்தான் போட்டிருந்தேன். மரமோ கூரைக்கு மேல் போய்விட்டது. உம்கேனி ஆற்றங்கரையில் தாத்தா காய்கறி போட்ட காலத்தில், குச்சி நட்டு நிழல் பார்த்த பிறகே நாற்றைக் கையில் எடுப்பார் என்றார். இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்த 1950-இல் வந்த குடியிருப்புப் பிரிவினைச் சட்டத்தால் அந்த நிலம் போனதைப் பற்றி எப்போதும் சொல்பவர், இன்று சொல்லவில்லை. குச்சியைப் பற்றியே இரண்டு முறை சொன்னார்.

ஆகஸ்ட் 19

சுவர் நிழல் 1.85 மீட்டர், கணக்கும் நாடாவும் ஒத்துப்போகின்றன. மரத்தின் நிழல் அம்மாவின் பாத்தியில் காலை பத்து மணி வரை கிடக்கிறது. கத்தரி முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது.

செப்டம்பர் 2

நிழல் 1.55 மீட்டர். பாத்திக்கு மண் வந்து இறங்கியிருக்கிறது. அண்ணன் காரில் காத்திருக்கிறார். வெண்டை விதையை ஊறப்போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.