கரண்டி கேட்ட பீர்

முரளி பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வந்து மேசைமேல் வைத்ததும் நாங்கள் செய்த முதல் வேலை லேபிளைப் படித்ததுதான். பார்லி மால்ட், வறுத்த பார்லி, ஓட்ஸ், லாக்டோஸ், கொக்கோ, வனிலா, தேங்காய், மேப்பிள் சிரப். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவும், நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டும் போனால் போகிறதென்று கடைசியில் இருந்தன.

"பீர் எந்த வரியில வருது?" என்றான் பாபு.

"டேய், ஸ்டவுட்னா கறுப்பு பீர். இது பேஸ்ட்ரி ஸ்டவுட். கேக்கைக் குடிக்கிற மாதிரி இருக்கும்," என்றான் முரளி.

"கேக்கைத் தின்னா என்ன?"

நியாயமான கேள்விதான். முரளி காதில் விழாதது போல் இருந்துவிட்டான். பீர் விஷயத்தில் அவன் பக்தன். அவனிடம் தர்க்கம் பண்ணினால் இரவு சாப்பாடு தாமதமாகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

330 மில்லி பாட்டில், ஆல்கஹால் 12 சதவீதம். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 40 மில்லி சுத்த ஆல்கஹால் வருகிறது. வழக்கமான 5 சதவீத பீரில் இதே அளவு பாட்டில் கிட்டத்தட்ட இரண்டரை குடித்தால்தான் அந்த அளவு சேரும். ஆகவே மூன்று பேருக்கும் ஒரே பாட்டில் என்று முரளி சொன்னபோது கஞ்சத்தனம் என்று யாரும் நினைக்கவில்லை. கறுப்பாக இருந்தாலே பீர் கடுமை என்று நினைப்பவர்கள் உண்டு. அது கண் சொல்லும் பொய். கின்னஸ் டிராஃப்ட் அத்தனை கறுப்பு, ஆனால் வெறும் 4.2 சதவீதம்தான். நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருகிறது, போதை வேறு இடத்திலிருந்து.

அப்போதுதான் பாபு லேபிளை மறுபடி கண்ணருகே கொண்டுபோனான். "லாக்டோஸ்னா பால் சர்க்கரைதானே?"

மேசையில் ஒரு கணம் அமைதி. பாபுவுக்குப் பால் ஆகாது. ஒரு வாய் பால் குடித்தாலும் அன்றைய நிகழ்ச்சிகள் அனைத்தும் ரத்து.

"ஈஸ்ட்டுக்கும் ஆகாதுடா," என்று முரளி ஆறுதல் சொன்னான். உண்மைதான். பீர் காய்ச்சும் ஈஸ்ட்டால் லாக்டோஸை உடைக்க முடியாது. மால்ட்டிலிருந்து வரும் சர்க்கரையில் பெரும்பகுதியைத் தின்று ஆல்கஹாலாக்கிவிட்டு, லாக்டோஸை அப்படியே விட்டுவிடும். அது பீரில் தங்கி, லேசான இனிப்பையும் வாயில் ஒரு வழவழப்பையும் கொடுக்கும். மில்க் ஸ்டவுட் என்று ஒரு வகையே இந்தக் குணத்தை வைத்துத்தான் பிழைக்கிறது. இவ்வளவு விளக்கத்தையும் கேட்டுவிட்டு பாபு, "ஈஸ்ட்டுக்கு வயிறு இல்லை, எனக்கு இருக்கு" என்றான். அவன் பங்கு முரளியின் அக்காவுக்குப் போயிற்று. அக்காவுக்குப் பீரே பிடிக்காது. கசப்பு ஆகாதாம்.

சரி, ஊற்றலாம் என்று பார்த்தால் முரளி சமையலறையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரோடு வருகிறான்.

ஃப்ரிட்ஜ் குளிரில் குடித்தால் வாசனை வெளியே வராதாம். 12, 13 டிகிரிக்கு வந்த பிறகுதான் தொட வேண்டுமாம். சொன்னதில் தப்பில்லை. அதிகக் குளிரில் வாசனை அடங்கித்தான் போகும். ஆனால் மூன்று சிறிய டியூலிப் கிளாஸ்களில் கறுப்புப் பீரை ஊற்றி, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்த காட்சியை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் ஏதோ சடங்கு நடக்கிறது என்றுதான் நினைத்திருப்பார். 6 டிகிரி. 7 டிகிரி. "காய்ச்சல் இறங்கிச்சா, ஏறிச்சா?" என்று பாபு அடிக்கடி விசாரித்தான். பழுப்பு நுரை வந்த வேகத்தில் காணாமல் போனது. தேங்காயிலும் கொக்கோவிலும் இருக்கும் கொழுப்பு நுரையைக் கொன்றுவிடும் என்று முரளி அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். காத்திருந்த நேரத்துக்கு ஒரு கதையும் வைத்திருந்தான்: 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் காய்ச்சிய கடுமையான ஸ்டவுட் ரஷ்ய அரசவை வரை போனதாம், இந்த மாதிரி கடுமையான ஸ்டவுட்டுக்கு 'இம்பீரியல்' பட்டம் அப்படி ஒட்டிக்கொண்டதாம். 9 டிகிரி. அக்கா தன் கிளாஸை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்ட ஆரம்பித்தார். "பசிக்குதுடா, சீக்கிரம் ஆகட்டும்."

ஒருவழியாக 12 வந்தது.

முதல் மிடறு பிரமாதம். பொய் சொல்லக் கூடாது. சாக்லேட் வந்தது, வனிலா வந்தது, அப்புறம் வறுத்த காப்பியின் லேசான கசப்பு, எல்லாம் இறங்கிய பிறகு நெஞ்சுக்குழியில் ஒரு சூடு. இரண்டாவதும் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு இனிப்பு மட்டும் வாயில் குடியேறிவிட்டது. உதடு உதட்டோடு ஒட்டிக்கொண்டது. கிளாஸில் பாதிதான் குறைந்திருந்தது, ஆனால் ஒரு வேலையை முடித்தே தீர வேண்டும் என்ற உணர்வு வந்துவிட்டது. என் அபிப்பிராயத்தில் இந்த வகை ஸ்டவுட்டுக்கு 50 மில்லி போதும். அதற்கு மேல் போனால் ரசனை போய் பொறுப்பு வந்துவிடுகிறது.

அக்கா ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு, "இது பீரே இல்லை. கரண்டி கொண்டு வா" என்றார். நாங்கள் விளையாட்டு என்று நினைத்தோம். அவர் எழுந்து போய் வனிலா ஐஸ்கிரீமை ஒரு கிண்ணத்தில் போட்டு, அதன் தலையில் தன் பங்கு ஸ்டவுட்டை ஊற்றினார். 12 டிகிரிக்காக அத்தனை நேரம் காத்திருந்த முரளியின் முகத்தை அந்த நிமிடம் பார்க்க முடியவில்லை.

ஆனால் ருசி பார்த்தபோது வாயடைத்துப் போனோம். ஐஸ்கிரீம் பீரைவிட இனிப்பு. அதோடு சேர்ந்ததும் பீரின் இனிப்பு பின்வாங்கி, அதுவரை ஒளிந்திருந்த கசப்பும் கருகின வாசனையும் துணிந்து வெளியே வந்தன. நான் என் மிச்சத்தையும் அதில் ஊற்றினேன். முரளி கொஞ்ச நேரம் கொள்கையோடு இருந்தான், அப்புறம் அவனும் கரண்டி எடுத்தான். பாபுவுக்கு ஐஸ்கிரீமும் ஆகாது. பாவம், அவன் என் காலி கிளாஸை எடுத்து முகர்ந்துகொண்டிருந்தான். வண்டி ஓட்டி என்னை வீட்டில் சேர்க்கப் போகிறவனும் அவன்தான்.

முரளி குடிக்கும் ஒவ்வொரு பீருக்கும் ஒரு ஆப்பில் மதிப்பெண் போடுவான். கையெல்லாம் ஐஸ்கிரீம் என்பதால் போனை பாபுவிடம் கொடுத்து, "ரெண்டு வரி எழுதிப் போடுடா" என்றான். பாபு மறுபடி ஒருமுறை ஆழமாக முகர்ந்துவிட்டு எழுதினான்: 'கருகின சர்க்கரை, ஈரமான மரம், பழைய புத்தக அலமாரி. தேங்காய் வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிவிடுகிறது.' ஐந்துக்கு நாலரை போட்டான்.

முரளி பதறிப்போய்ப் போனைப் பிடுங்குவதற்குள் பாராட்டுகள் வர ஆரம்பித்துவிட்டன. இத்தனை நாள் அவன் பார்த்துப் பார்த்து எழுதியவற்றுக்கு ஆள் எட்டிப் பார்த்ததில்லை. இதற்கு ஒருவர், 'அந்த ஈரமான மரத்தை நானும் உணர்ந்தேன்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர், 'நாக்கில் எவ்வளவு நேரம் தங்கியது?' என்று கேட்டிருந்தார்.

பாபு எங்கள் மூவரையும் பார்த்தான். மூன்று வாயிலும் ஐஸ்கிரீம். யாரும் உதவத் தயாராக இல்லை. அவனே தட்டினான்: 'அது அவரவர் நாக்கைப் பொறுத்தது.'

அதற்கும் இரண்டு லைக்.