பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி வருகிறவர்கள்

ஆஸ்பத்திரியில் பதிவுச் சீட்டு போடும் வேலையில் பல வருடம் இருந்தவள் நான். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும், "அங்கேயே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறதே, ஏன் இவ்வளவு தூரம்?" என்று கேட்பேன். அடிக்கடி கேட்ட பதில்: "அங்க போனா டாக்டர் இருப்பாரோ, இருக்கமாட்டாரோ."

19-ஆம் நூற்றாண்டிலேயே எட்வர்ட் ஜார்விஸ் என்ற அமெரிக்க மருத்துவர், மனநல மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் அதை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்துக் காட்டினார். தூரம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். திரும்ப கடைசி பஸ் எத்தனை மணிக்கு? துணைக்கு வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போய்விடுமா? ஸ்கேனுக்கு வேறு ஊருக்கு அனுப்புவார்களா? அப்படி அனுப்புவார்கள் என்றால், பக்கத்தில் இருப்பதுதான் தூரமான ஆஸ்பத்திரி. இரண்டு முறை அலைவதற்கு ஒரேயடியாகப் பெரிய ஊருக்கே போய்விடலாம் என்று கிளம்புகிறார்கள். இதை அறியாமை என்று சொல்லும் டாக்டர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

பிரசவகால மரணங்களைப் பற்றி தாடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-இல் எழுதிய கட்டுரையில் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள்: போக முடிவெடுப்பதில், போய்ச் சேருவதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில். மூன்றாவது தாமதம் திரும்பி வந்து முதலாவதில் உட்கார்ந்துகொள்ளும். ஒருத்தி பிரசவ வலியில் திட்டு வாங்கினால், அவள் தங்கையும் நாத்தனாரும் அந்த வாசலை மிதிக்க யோசிப்பார்கள். கட்டடமும் மெஷினும் அப்புறம்தான்.

முடிவெடுப்பவர் பெரும்பாலும் நோயாளியே இல்லை. பணம் கட்டப்போகிற மகன் ஃபோனில் சொல்வார், இவர்கள் தலையாட்டுவார்கள்.

சரி, காய்ச்சலுக்கு இப்படி யோசித்து ஊர் தாண்டலாம். பக்கவாதத்துக்கு? ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதம் என்றால், அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அது ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே போடுவார்கள். அதனால் இங்கே பக்கத்து ஆஸ்பத்திரியா, பேர்பெற்ற ஆஸ்பத்திரியா என்ற கேள்விக்கே இடமில்லை. ராத்திரியிலும் ஸ்கேனும் அந்த ஊசியும் எங்கே கிடைக்கும் என்பது உடம்பு நன்றாக இருக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். போய்க் கேட்டால் சொல்வார்கள். நான் பார்த்த எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் இதை எழுதி வைத்திருக்கவில்லை.