அடிலெய்டில் நான் தேடிப்போன பாட்டுக்காரர்கள்

அடிலெய்டு என்றதும் பலரும் சொல்வது பரோசா பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களையும் கிரிக்கெட் மைதானத்தையும்தான். நான் போனது பாட்டுக்காரர்களுக்காக. ஆஸ்திரேலிய ராக், பாப் இசையின் பழைய ஆட்கள் பலருடைய வாழ்க்கையில் இந்த ஊர் எங்கேயாவது ஓரிடத்தில் வந்துவிடுகிறது. அவர்களில் பலர் அறுபது, எழுபதைத் தாண்டிவிட்டார்கள், சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் எழுதிய தன்வரலாறுகளையும் கொடுத்த பேட்டிகளையும் சில வருடங்களாகத் தேடிப் படித்து வருகிறேன். அதில் ஒரு விஷயம் என்னை விடவே இல்லை. மேடையில் வருடக்கணக்காகத் தொண்டை கிழியப் பாடியவர்களுக்கு, தங்களுக்கு நடந்ததை வாய்விட்டுச் சொல்ல முதுமை வரவேண்டியிருந்தது. நடந்த இடங்களையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

2015-இல் யுனெஸ்கோ அடிலெய்டை இசை நகரமாக அறிவித்தது. அதன் பிறகு நகரத்தின் நடுவே சில சந்துகளுக்கு இசைக்கலைஞர்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். கோல்ட் சிசல் குழுவுக்கு ஒரு சந்து. பாடகர் பால் கெல்லிக்கு ஒன்று. இந்த ஊரில் பழங்குடி இளைஞர்கள் சேர்ந்து ரெக்கேயும் ராக்கும் கலந்து பாடிய நோ ஃபிக்ஸட் அட்ரஸ் குழுவுக்கு ஒன்று. இவற்றை ஒரு மதியத்தில் நடந்தே பார்த்துவிடலாம். ஆனால் இவர்களுடைய கதைகள் இருப்பது நகரத்துக்கு வெளியே.

மறுநாள் காலை கோலர் போகும் ரயிலைப் பிடித்து எலிசபெத்தில் இறங்கினேன். நகரத்திலிருந்து வடக்கே சுமார் 25 கிலோமீட்டர். 1955-இல் ராணியின் பெயரால் உருவான தொழிலாளர் ஊர். பத்து பவுண்டு கட்டணத்தில் பிரிட்டனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களுக்காக அரசாங்கம் வரிசை வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தது. ஹோல்டன் கார் ஃபேக்டரிதான் ஊருக்கே சோறு போட்டது, 2017 அக்டோபரில் அதையும் மூடிவிட்டார்கள். அகலமான தெருக்கள், தாழ்வான செங்கல் வீடுகள், நிழல் குறைவு. நான் போன அன்று வெயில் மதுரைச் சித்திரையைப் போலக் காய்ந்தது.

ஜிம்மி பார்ன்ஸ் வளர்ந்தது இங்கேதான். 1956-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர், ஐந்து வயதில் கப்பலில் வந்தவர். கோல்ட் சிசலின் பாடகராக அவர் நாட்டுக்கே தெரிந்த குரல். அந்தக் குரல் பாடுவதில்லை, கத்தும் என்றே சொல்லலாம். அவர்களுடைய ‘கே சான்’ பாட்டு வியட்நாம் போரிலிருந்து திரும்பி எதிலும் ஒட்ட முடியாமல் அலையும் ஒருவனைப் பற்றியது. 1978-இல் வந்தபோது வானொலிகள் அதை ஒலிபரப்பத் தயங்கின. விற்பனைப் பட்டியலில் 41-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. இன்று அந்தப் பாட்டு தெரியாத ஆஸ்திரேலியரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதை எழுதிய டான் வாக்கர் இயற்பியல் படித்தவர். எலிசபெத்துக்குப் பக்கத்தில் சாலிஸ்பரியில் இருந்த ஆயுத ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர்!

ரயிலில் வரும்போது காதில் ஓடிக்கொண்டிருந்தது பார்ன்ஸ் தானே வாசித்த தன்வரலாறு. அவருக்கு அறுபது வயதானபோது, 2016-இல் வந்த புத்தகம். கத்திக் கத்திப் பழகிய அந்தத் தொண்டை இதில் தணிந்த குரலில், அவசரமில்லாமல் பேசுகிறது. அப்பா குத்துச்சண்டைக்காரர், குடி. வீட்டில் தினம் அடிதடி, பசி, பயம். ஒரு நாள் அம்மா பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விடுகிறார். பிறகு ரெக் பார்ன்ஸ் என்ற மனிதரோடு திரும்பி வருகிறார். இன்னொருவருடைய ஆறு பிள்ளைகளையும் தன் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டவர் ரெக். ஜேம்ஸ் ஸ்வானாகப் பிறந்த பையன் ஜிம்மி பார்ன்ஸ் ஆனது அந்த வளர்ப்புத் தந்தையின் பெயரை எடுத்துக்கொண்டுதான். அந்த அத்தியாயம் ஓடியபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எலிசபெத்தில் அந்தக் கால வீடுகள் சில இன்னும் இருக்கின்றன. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். ஒரு வீட்டின் முன்னால் நின்று பார்த்தேன். இந்தப் பக்கம் வெள்ளை ஜன்னல் சட்டம், அந்தப் பக்கம் உரிந்துபோன பச்சை, நடுவில் செங்கல் கோடு ஒன்று. பொதுச் சுவர் என்றால் இந்த வீட்டுச் சண்டை அந்த வீட்டுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. யாரும் பேசவில்லை, ஏனென்றால் அடுத்த வீட்டிலும் அதுதான் நடந்தது. பார்ன்ஸ் எழுதிய பிறகு, எத்தனையோ ஆண்கள் தன்னிடம் வந்து தங்கள் கதையைச் சொன்னதாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருடைய எல்லா ஆல்பங்களையும்விட அந்தப் புத்தகம் பெரிய காரியம் என்பது என் கருத்து.

சாயங்காலம் லார்க்ஸ் பே கடற்கரைக்குப் போனேன். 1882-இல் கட்டிய லார்க்ஸ் பியர் ஹோட்டல் வளைவுத் தூண்களோடு கடலைப் பார்த்தபடி நிற்கிறது. எழுபதுகளில் பப் ராக்கின், அதாவது மதுக்கூடங்களில் வாசிக்கும் ராக்கின், கோட்டை இது. கோல்ட் சிசல், ஏஞ்சல்ஸ், ஏசி/டிசி எல்லாரும் வியர்க்க வியர்க்க வாசித்த இடம். 1974-இல் ஓர் இரவு, வடக்கு அடிலெய்டில் ஓல்ட் லயன் என்ற இன்னொரு ஹோட்டலில் குடித்துவிட்டுச் சண்டை போட்டு, மோட்டார் சைக்கிளில் கிளம்பி, விபத்தில் சிக்கி, சில நாள் நினைவில்லாமல் கிடந்தவர் பான் ஸ்காட். பிழைத்து எழுந்து அதே வருடம் ஏசி/டிசி குழுவில் பாடகராகச் சேர்ந்தார். 1980-இல் லண்டனில் இறந்தபோது வயது 33. திரும்பிப் பார்க்கும் வயதே அவருக்கு வாய்க்கவில்லை. அவரைப் பற்றி மற்றவர்கள்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நகரத்துக்குள் பிரி தெரு. ஆபீஸ் கட்டடங்கள், காபிக் கடைகள். ஒருகாலத்தில் சால்வேஷன் ஆர்மி நடத்திய விடுதி ஒன்று இந்தத் தெருவில் இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்து அடிலெய்டுக்கு வந்து சேர்ந்த பாடகர் ஆர்ச்சி ரோச், பதின்ம வயதில் ரூபி ஹன்டரைச் சந்தித்தது அங்கேதான். இரண்டு பேருமே, பழங்குடிக் குழந்தைகள் என்ற ஒரே காரணத்துக்காக அரசாங்கம் பெற்றோரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போன பிள்ளைகள். உங்கள் குடும்பம் தீயில் செத்துவிட்டது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர் ரோச். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. தனக்கு அம்மா இருந்தார் என்பதும், அந்த அம்மா இப்போதுதான் இறந்தார் என்பதும் அந்தப் பையனுக்கு ஒரே நேரத்தில் தெரியவருகிறது. அப்புறம் தெரு வாழ்க்கை, குடி, ரூபி, குழந்தைகள், பாட்டு.

ரோச் மற்றவர்களைப் போல முதுமைக்காகக் காத்திருக்கவில்லை. முதலிலேயே பாடிவிட்டார். 1989-இல் பால் கெல்லி மெல்பர்னில் தன் கச்சேரிக்கு முன்னால் பாட அவரை அழைத்தார். குழந்தைகளைப் பறித்துக்கொண்டு போன கதையை ரோச் பாடி முடித்தார். அரங்கத்தில் சத்தமே இல்லை. யாருக்கும் பிடிக்கவில்லை என்று நினைத்து மேடையைவிட்டு நடக்க ஆரம்பித்தார். அதன் பிறகுதான் ஒன்றிரண்டாகத் தொடங்கிய கைதட்டல் அரங்கம் முழுக்கப் பெருகியது. அடுத்த வருடம் கெல்லியும் ஸ்டீவ் கானலியும் சேர்ந்து அவருடைய முதல் ஆல்பத்தைத் தயாரித்தார்கள். 2010-இல் ரூபி இறந்தார், அதே வருடம் ரோச்சுக்குப் பக்கவாதம், அடுத்து நுரையீரல் புற்றுநோய். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்தபடி அவர் பாடிய காணொளிகள் இருக்கின்றன. 2019-இல் தன்வரலாறு எழுதினார், 2022 ஜூலையில் போய்விட்டார். அந்தக் கைதட்டலுக்கு முன்னாலிருந்த மௌனத்தைத்தான் பிரி தெருவில் நடக்கும்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக நம்மவர் ஒருவர். நான் தங்கியிருந்தது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய அக்கா ஒருவரின் வீட்டில். ராத்திரி சாப்பிடும்போது கமாலைப் பற்றிப் பேச்சு வந்தது. கந்தையா கமலேஸ்வரன் என்பது முழுப் பெயர். யாழ்ப்பாண வழிப் பெற்றோருக்குக் கோலாலம்பூரில் பிறந்து, 1953-இல் அடிலெய்டுக்குப் படிக்க வந்தவர். வெள்ளையர் அல்லாதவர்களுக்குக் கதவு மூடியிருந்த காலம் அது. மாணவர் என்ற பெயரில்தான் நாட்டில் தங்க முடிந்தது. ஊர்விட்டு ஊர் வந்த பையன், ஆழமான அந்தக் குரலை வைத்துக்கொண்டு மேடை ஏறினார். 1975-இல் அவருடைய யானைப் பாட்டு நெதர்லாந்தில் முதலிடம் பிடித்தது. நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பாடினார்.

ஆனால் ‘ஹே ஹே இட்ஸ் சாட்டர்டே’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வருடக்கணக்காக அவருடைய நிறத்தை வைத்துக் கேலி நடந்தது. 1984-இல் முகத்தில் வெள்ளைப் பவுடரை அடித்தார்கள். அவர் சிரித்துச் சமாளித்தார். அது எவ்வளவு அவமானமாக இருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னது 2021-இல், எண்பத்தாறு வயதில். அக்காவின் அம்மாவுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. பழைய காட்சியை யூடியூபில் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

“அவர் எங்கட ஆள் தம்பி. சிரிச்சுக்கொண்டுதான் நிண்டவர். கண் சிரிக்கேல்லை.”

பார்ன்ஸ் பேசினால் கேட்க எலிசபெத் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். கமாலுக்கு அந்த மேடையில் பக்கத்தில் யார் இருந்தார்கள்? அதனால்தான் அவருடைய பேட்டியை ஒரு பழைய பாடகரின் புலம்பலாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் நடந்த சந்துகள் எதிலும் அவர் பெயரைப் பார்க்கவில்லை. அவர் முதன்முதலாக ஆஸ்திரேலியாவில் கால் ஊன்றிய ஊர் இது, ஒரு சந்துக்காவது அந்தப் பெயரை வைக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் அக்காவும் நானும் உட்கார்ந்து நகராட்சிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம். அடிலெய்டில் இருக்கும் தமிழர்கள் இதைப் படித்தால் நீங்களும் ஒன்று அனுப்புங்கள்.