மேட்டூரில் ஒரு டிஎம்சி குறைந்தால் எத்தனை யூனிட் மின்சாரம் போகும்?

காவிரி டெல்டாவின் காலநிலை ஆபத்தைக் கணக்கிடும்போது நீர்வளத்துறை மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்கும், மின்வாரியம் உச்ச மின்தேவையைப் பார்க்கும், வேளாண்துறை குறுவைப் பரப்பைப் பார்க்கும். மூன்று பேரின் எண்களும் சரியாகவே இருக்கும். ஆனால் ஆற்றில் தண்ணீர் வராத நாளில் இந்த மூன்றையும் ஒன்றாக இழுப்பது வயலோரத்துப் பம்புசெட். நீர், மின்சாரம், பயிர் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் மாடலை அங்கிருந்து கட்டத் தொடங்குவதே நல்லது.

முதலில் அலகுகள். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி, அதாவது 2.83 கோடி கனமீட்டர். ஒரு நாள் முழுக்க 11,574 கனஅடி வீதம் விட்டால் தீரும் அளவு. அந்தத் தண்ணீர் மேட்டூரில் 30 மீட்டர் இறங்கி, 85 சதவீதத் திறனுள்ள டர்பைனைச் சுழற்றினால் சுமார் 19.7 லட்சம் யூனிட் கிடைக்கும். அதே டிஎம்சி வராமல் போனால் இந்த மின்சாரம் போகும். கதை அதோடு முடியாது. வாய்க்கால் இழப்பு போகப் பாதி வயலுக்குச் சேரும் என்று வைத்தால், அந்தப் பாதியை நிலத்தடியிலிருந்து ஈடுகட்ட வேண்டும். 20 மீட்டர் ஆழம், மோட்டாரும் பம்பும் சேர்த்து 40 சதவீதத் திறன் என்றால் அதற்குச் சுமார் 19.3 லட்சம் யூனிட் செலவு. ஆக ஒரு டிஎம்சி பற்றாக்குறை மின்கட்டமைப்புக்கு ஏறக்குறைய 39 லட்சம் யூனிட் சுமை. மேட்டூருக்குக் கீழே உள்ள கதவணை மின்நிலையங்களின் இழப்பு இதில் சேரவில்லை.

இந்தச் சுமை நேர்கோட்டில் ஏறாது. 5 எச்பி மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 3.73 கிலோவாட் இழுத்து, 20 மீட்டரிலிருந்து மணிக்கு 27 கனமீட்டர் இறைக்கும். மும்முனை மின்சாரம் நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 219 கனமீட்டர். நடவான நெல்லுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஓர் ஏக்கருக்கு 40 கனமீட்டர் தேவை. அந்த மோட்டார் ஐந்து ஏக்கருக்குச் சற்று மேல் தாங்கும். நீர்மட்டம் 30 மீட்டருக்கு இறங்கட்டும். அதே மோட்டார், அதே 8 மணி நேரம், மூன்றரை ஏக்கர்தான். மின்கட்டணத்தைக் கூட்டிக் குறைத்துத் தேவையைக் காட்டும் பொருளாதார மாடல்கள் இங்கே உதவாது. விவசாய மின்சாரம் இலவசம். இறைப்பைக் கட்டுப்படுத்துவது விலை அல்ல, மின்சாரம் வரும் மணி நேரமும் நீர்மட்டமும்தான். மாடலில் வைக்க வேண்டிய கட்டுப்பாடுகளும் அவைதான்.

பெரும்பாலான விவசாய இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது என்பது இன்னொரு தலைவலி. மின்வாரியக் கணக்கில் உள்ள விவசாய நுகர்வு ஒரு மதிப்பீடு. அதை அளவீடு என்று நம்பி மாடலைப் பொருத்தினால் பம்புத் திறன் நம்ப முடியாத எண்ணாக வந்து நிற்கும். விவசாயத்துக்கென்று பிரித்த ஃபீடர் (மின்பாதை) இருந்தால் அதன் பதிவை எடுங்கள். இல்லாவிட்டால் பயிர்ப் பரப்பு, நீர்த்தேவை, ஆழம் ஆகியவற்றிலிருந்து மேலே சொன்ன கணக்கைப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி கால அளவு. மாதாந்திரக் கணக்கு வேண்டவே வேண்டாம். 2024 ஜூலைத் தொடக்கத்தில் மேட்டூர் 40 அடியை ஒட்டி இருந்தது. ஜூலை 30 அன்று 120 அடி, அதாவது நிரம்பிவிட்டது. வழக்கமான ஜூன் 12 திறப்பு தள்ளிப்போய், ஜூலை 28 அன்றுதான் அணை திறந்தது. ஜூலைக்கு ஒரே எண் கொடுக்கும் மாடலில் இது ‘நல்ல மாதம்’. குறுவை நாற்று விட வேண்டியவருக்கோ பருவமே தவறிவிட்டது. பத்து நாள் படி குறைந்தபட்சம். வெள்ளம் பார்ப்பதென்றால் தினப்படி. கொள்ளளவு அட்டவணையையும் அடி வாரியாகப் போடுங்கள். 120 அடிக்கு 93.47 டிஎம்சி என்பதால் 60 அடிக்கு அதில் பாதி என்று நினைக்கக் கூடாது, ஏறக்குறைய கால் பங்குதான் இருக்கும்.

காவிரி தமிழகத்துக்குள் நுழையும் எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவின் வரத்தை, உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்த ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று நிலையாகப் போடுவது பரவலான பிழை. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று போகும் அந்தப் பட்டியல் இயல்பான ஆண்டுக்கானது. வறண்ட ஆண்டில் தண்ணீர் வருவது கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளின் இருப்பைப் பொறுத்தது. ஆகவே மேல் அணைகளையும் மாடலுக்குள் கொண்டுவர வேண்டும்.

எல்லாவற்றையும்விட பெரிய தவறு, இரண்டு பருவமழைகளையும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கி எடுப்பது. தென்மேற்குப் பருவமழை குடகு, வயநாடு வழியாக அணையை நிரப்புகிறது. வடகிழக்குப் பருவமழை டெல்டாவில் நேரடியாகப் பெய்கிறது. பசிபிக் கடல் வழக்கத்தைவிட வெப்பமாகும் எல் நினோ ஆண்டுகளில் முன்னது பெரும்பாலும் தளரும், பின்னது பெரும்பாலும் வலுக்கும். 2023 அப்படித்தான்: ஜூன் 12 திறந்த அணையை அக்டோபரில் மூட வேண்டியதாயிற்று, டிசம்பரில் தென் மாவட்டங்களில் பேய்மழை. 2016 வேறு வகை: கர்நாடகத்திலும் தண்ணீர் இல்லை, வடகிழக்கும் இயல்பைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இரண்டு பருவங்களையும் தொடர்பற்றவையாக எடுத்தால் இந்த இரண்டு வகை ஆண்டுகளின் நிகழ்தகவும் தப்பாக வரும். காற்றாலை மின்சாரமும் மே முதல் செப்டம்பர் வரைதான் உச்சம், தென்மேற்குக் காற்றை நம்பியது. மழையும் காற்றும் ஒரே வாரத்தில் சோர்ந்தால் நீர்மின்சாரம், காற்று மின்சாரம், ஆற்றுப் பாசனம் மூன்றும் ஒருசேரக் குறையும். எனவே வானிலை ஆண்டை முழு ஆண்டாக, எல்லா மாறிகளும் ஒட்டியபடியே எடுங்கள். காலநிலை மாடல் தரவை உள்ளூர்ப் பதிவுக்கு ஏற்பத் திருத்தும்போது மழையையும் வெப்பத்தையும் தனித்தனியாகத் திருத்தினாலும் இதே ஒட்டு அறுந்துவிடும்.

அனல்மின் நிலையத்துக்கான நீரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மேட்டூரின் 1,440 மெகாவாட்டும் 70 சதவீதச் சுமையில் ஓடி, மெகாவாட் மணிக்கு 3.5 கனமீட்டர் எடுத்தால் ஆண்டுக்கு ஒரு டிஎம்சியைச் சற்றே தாண்டும். அளவு சிறிது, ஆனால் ஒரு நாளும் நிற்கக் கூடாது. மாடலில் அதற்கு முதல் முன்னுரிமை கொடுத்துவிட்டு நகரலாம்.

கவனமாக இருக்க வேண்டியது நிலத்தடி நீர் ஊறும் இடத்தில். வாய்க்கால் கசிவை ‘இழப்பு’ என்று எழுதிவிட்டு, அதே தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் புதிய வரத்தாகச் சேர்த்தால் இரட்டைக் கணக்கு. ஆறு ஓடாத ஆண்டில் அந்த ஊறலும் நிற்கும். பம்பு அதிகம் ஓடுவதும் அப்போதுதான். நாகப்பட்டினம் பக்கம் கடைமடையில் இறைப்பைக் கூட்டினால் உப்பு ஏறும், ஆகையால் அங்கே நீர்மட்ட ஆழத்தோடு உப்பளவுக்கும் ஒரு வரம்பு வைக்க வேண்டும்.

நீருக்கு வீப் (WEAP), மின்சாரத்துக்கு லீப் (LEAP), பயிருக்கு அக்வாகிராப் (AquaCrop) என்று மென்பொருள்கள் இருக்கின்றன. முதல் வரைவுக்கு ஒரு எக்செல் தாளே போதும். அதில் 2016, 2023, 2024 மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். 2023 அக்டோபரில் உங்கள் மாடலில் அணை தானாக வற்றவில்லை என்றால் 2050க்கான காட்சிகளை ஓட்டிப் பயனில்லை. விடையையும் சராசரி மகசூலாக எழுத வேண்டாம். பயிர் தொண்டை கட்டும் பருவத்தில் (கதிர் வெளிவருவதற்குச் சற்று முன்), ஆற்றுத் தண்ணீரும் 8 மணி நேர மின்சாரமும் சேர்ந்தும் தேவையை எட்டாத பத்து நாள்கள் முப்பது ஆண்டில் எத்தனை முறை வருகின்றன, எந்த வட்டாரத்தில் வருகின்றன என்று எழுதுங்கள். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று முறைவிடுதல் அட்டவணை போடுபவருக்கு அந்த எண்தான் வேண்டும்.