மழை இல்லாத மாதத்தில் கேட்ட கேள்வி

பதுளை மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தராக இருக்கிறேன். பிறந்து வளர்ந்ததும் இங்கேதான், ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். சில வருடங்களுக்கு முன் ஒரு பெப்ரவரியில், பொலிஸ்காரர்கள், அம்புலன்ஸ் ஆட்கள், அனர்த்த வேலைக்குப் போகிறவர்கள் எனக் கொஞ்சப் பேரின் மனநலத்தைக் கேட்டறியும் வேலை என்னிடம் வந்தது.

கையில் இருந்தது மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்கும் பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாள். பல நாடுகளில் பயன்படுவதுதான். கடந்த 2 வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆசை இருக்கிறதா என்று 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. 10ஐத் தொட்டால் டொக்டரிடம் அனுப்புவோம். இது நோயைத் தீர்மானிக்கிற தாள் இல்லை. யாரோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று காட்டித் தருகிற தாள், அவ்வளவுதான்.

முதல் நாள் நான் செய்தது பெரிய தவறு. எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, தாளின் மேலே பெயர் எழுதச் சொன்னேன். அவர்களுடைய மேலதிகாரி கதவோரம் நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்த தாள்கள் எல்லாம் பூச்சியம். இடுப்பில் துவக்கு வைத்திருக்கிற ஒருவர், செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு வருகிறதா என்று கேட்கும் 9ஆவது கேள்விக்கு 1 போட்டால் என்ன நடக்கும் என்று பயப்படுவார்? துவக்கை வாங்கிவிடுவார்கள், இடமாற்றம் வரும், ‘அங்கொடைக்குப் போக வேண்டிய ஆள்’, அதாவது மனநல ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர், என்ற பேச்சு வீடுவரை போகும். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொல்லும்படியான இடத்தை நான்தான் கொடுக்கவில்லை.

அப்புறம் முறையை மாற்றினேன். பெயருக்குப் பதில் ஓர் இலக்கம், அது யாருடையது என்பது எனக்கு மட்டும் தெரியும். ஒவ்வொருவராக, தேத்தண்ணி குடிக்கிற அறையில், நானே வாசித்துக் கேட்டேன். ‘மனச்சோர்வு இருக்கிறதா’ என்றால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். ‘மனசு விட்டுப்போன மாதிரி இருக்கா’ என்று கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு பொலிஸ் அண்ணன். அவரிடம் கேட்டுவிட்டு, ஆள் தெரியாதபடிதான் எழுதுகிறேன். அவருக்கு வந்த புள்ளி 6. நான் தாளை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: “இப்ப ஒண்ணும் இல்ல மிஸ். மழை வந்தாத்தான்.”

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனபோது, அங்கே அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். தமிழ் தெரிந்தவர் என்பதால் அவருக்குக் கிடைத்தது மண் வெட்டுகிற வேலை இல்லை. சனங்களிடம் பேசுகிற வேலை. காலையிலேயே பள்ளிக்கூடம் போய்விட்டதால் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள். திரும்பி வந்து அம்மா எங்கே என்று கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்ல அங்கே நின்றவர் இவர்.

“வெட்டுற வேலை தந்திருந்தா கை மட்டும்தான் வலிச்சிருக்கும் மிஸ்.”

அன்றோடு அது முடியவில்லை. அவர் வேலை செய்த இடங்களில் தமிழ் பேசுகிறவர்கள் எப்போதும் ஒருவரோ இருவரோதான். பஸ் விபத்தானாலும் சரி, தோட்டத்தில் யாராவது நஞ்சு குடித்தாலும் சரி, பிரேத அறையில் உறவினரை அடையாளம் காட்டச் சொல்ல வேண்டுமானாலும் சரி, “தமிழ் தெரிஞ்சவரக் கூப்பிடு” என்பார்கள். எத்தனை வீட்டு வாசலில் நின்று இப்படிச் செய்தி சொன்னார் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கு இல்லை. என் தாளிலும் அதற்கு ஒரு கேள்வி இல்லை.

அந்த 6ஐ நான் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனேன். இரவு சமைத்துக்கொண்டிருந்தபோதுதான் விளங்கியது. தாள் கேட்பது கடந்த 2 வாரங்களை. நாங்கள் கேட்டது பெப்ரவரியில். எங்கள் பக்கத்தில் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி மார்கழி தாண்டியும் நீடிக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வரும் இரவுகளில் அவர் தூங்குவதில்லை. உடுப்பைக் கழற்றாமலே கதிரையில் இருப்பாராம். வெயில் காய்கிற மாதத்தில் வந்து தூக்கம் எப்படி என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? நிதி ஒதுக்கீட்டுக்கும் அலுவலக வசதிக்கும் ஏற்ற மாதம் பெப்ரவரி. அவருடைய துக்கத்துக்கு அது ஏற்ற மாதம் இல்லை.

நவம்பரில் அதே தாளோடு போனேன். 15 வந்தது. 9ஆவது கேள்விக்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு “இல்ல” என்றார். அந்த மௌனத்தை நான் விட்டுவிடவில்லை. துவக்கைப் பற்றி, வீட்டைப் பற்றி, யாரிடம் பேச முடியும் என்பதைப் பற்றி நேராகவே கேட்டேன். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை அவருடைய போனில் நானே பதிந்து கொடுத்தேன். கிளினிக்குக்கு அவர் லீவு நாளில், சிவில் உடுப்பில், தெரிந்த முகம் இல்லாத ஊருக்கு பஸ் ஏறிப் போனார். முதல் தடவை நானும் கூடப் போனேன்.

இப்போது கேட்டறியும் வேலையை வருடத்துக்கு 2 தடவை வைக்க வேண்டும், அதில் ஒன்று மழைக்காலத்தில் இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். செய்தி சொல்லப் போகும் தமிழ் உத்தியோகத்தரோடு இன்னொருவரும் துணைக்குப் போக வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். இந்த வருடம் 3 இடங்களுக்கு அனுப்பினேன். ஓரிடத்திலிருந்து நவம்பருக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.