மணப்பாடு: கரையில் கிடந்த வள்ளம்

2023 டிசம்பர் 17, ஞாயிறு

காலையில் தொடங்கிய மழை விடவே இல்லை. மின்சாரம் போய்விட்டது. காற்று பெரிதாக இல்லை. பாயும் அதைக் கட்டும் பருமல் கழியும் வீட்டுக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அப்பாவின் பாய்வள்ளம் மேட்டு மணலில் பனந்தடி முட்டுகளின் மேல் வாய் திறந்து கிடக்கிறது. இந்த இருட்டில் யாரும் அங்கே போக முடியாது.

டிசம்பர் 18, திங்கள்

ஊரிலிருந்து கடலுக்கு ஓடிய வெள்ளம் முட்டுகளின் அடிமணலை அரித்துவிட்டது. வள்ளம் கரைப்பக்கமாகச் சாய்ந்து, விளிம்புவரை நிறைந்து கிடந்தது. அடியில் உள்ள வடிகால் துளையை மணலும் பனஞ்சருகும் அடைத்திருந்தன. உதவிக்கு வந்த இளைஞர்கள் உடனே தோள் கொடுத்து நிமிர்த்தப் பார்த்தார்கள். சித்தப்பா கத்தினார்: "தொடாதீர்கள்! தண்ணீரோடு தூக்கினால் வங்கு மொத்தமும் போய்விடும்."

வங்கு என்றால் பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலா எலும்பு போன்ற வளைந்த சட்டம். அவர் சொன்னதுதான் சரி. ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் பத்து லிட்டர். வள்ளத்தின் வாய் ஏறக்குறைய ஆறு சதுர மீட்டர். கடலில் கிடந்தால் வெளித்தண்ணீர் பலகையைத் தாங்கும். கரையிலோ உள்ளிருக்கும் பாரம் முழுவதையும் மூன்று நான்கு முட்டுகள்தான் சுமக்க வேண்டும். துளையைக் கம்பியால் குத்தித் திறந்தோம். வாளியாலும் இறைத்தோம். வடிந்து முடிய மாலையாகிவிட்டது.

டிசம்பர் 19, செவ்வாய்

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டராம், திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நிற்கிறது, உள்ளே நூற்றுக்கணக்கான பயணிகள். தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கிக் கிடக்கும்போது ஒரு வள்ளத்துக்காக மனம் அடித்துக்கொள்வது எனக்கே உறுத்துகிறது. ஆனாலும் இது எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான கடையால்வரை நூல் பிடித்துப் பார்த்தோம். வள்ளத்தின் முதுகெலும்பான அடிக்கட்டை, ஏராக்கட்டை, நேராக இருக்கிறது. அதைக் கண்ட பிறகுதான் மூச்சு வந்தது. மற்றவை மாற்றக் கூடியவை: கரைப்பக்கம் இரண்டு வங்குகள் வெடித்திருக்கின்றன, அடிப்பலகைகளின் இணைப்பு விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருக்கிறது, சுக்கானின் கீல் பிய்ந்துவிட்டது.

டிசம்பர் 21, வியாழன்

இன்று முழுக்கக் கடல் தண்ணீர் சுமந்தோம். பார்த்தவர்கள் சிரித்தார்கள், தண்ணீரால் கெட்டதற்கு மறுபடியும் தண்ணீரா என்று. மரத்தை உளுக்கச் செய்வது மழைத் தண்ணீர். பூஞ்சை அதில்தான் பிடிக்கும். உப்பு ஏறிய மரத்தில் அது லேசில் வளராது. அயினிப் பலகை உறுதியானது, ஆனாலும் இணைப்புக்குள்ளும் வங்கின் அடியிலும் தேங்கிய நல்ல தண்ணீரை எந்த மரமும் வெகுநாள் தாங்காது. மூலை முடுக்கெல்லாம் கடல்நீரால் அலசிவிட்டு, மேலே ஓலைப் பந்தல் போட்டோம். வெயிலில் போட்டால் ஒரே வாரத்தில் பலகை வெடிக்கும். நிழலும் காற்றும் போதும்.

டிசம்பர் 27, புதன்

மாமா வந்திருந்தார். "வெளியே ஃபைபர் ஒட்டிவிடு மாப்பிள்ளை, ஒரே செலவோடு முடியும்" என்கிறார். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. நல்ல படகுகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதலிலிருந்தே ஃபைபராக வார்த்த படகு வேறு, ஈரம் ஊறிய பழைய மரத்தின் மேல் ஃபைபரைப் போர்த்துவது வேறு. மரம் ஈரத்துக்கு ஏற்பப் பருக்கும், சுருங்கும்; மேலே உள்ள ஓடு அசையாது. ஒட்டு விட்ட இடத்தில் தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழியில்லை. வெளியே பளபளப்பாகவும் உள்ளே கூழாகவும் ஆகிவிடும். மாமாவுக்குக் கோபம். மரியாதையோடு மறுத்துவிட்டேன்.

2024 ஜனவரி 8, திங்கள்

வள்ளம் கட்டும் தச்சரான ஓடாவி வந்தார். பேசுவதற்கு முன் உளியின் பின்பக்கத்தால் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்றால் நல்ல மரம், மொத்தென்றால் உளுத்தது. கடையால் பக்கத்தில் ஓர் இடத்தில் சத்தம் மங்கியது. அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுக்க வேண்டும் என்றார். வங்குக்கு வேலமரம் பார்க்கச் சொல்லியிருக்கிறார், இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளையாக. நேர்மரத்தை வளைவாக அறுத்தால் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, முதல் அலையிலேயே முறியும். துருப்பிடித்த ஆணிகளையும் கழற்றச் சொன்னார். துரு சுற்றியுள்ள மரத்தையும் தின்றுவிடும்.

ஜனவரி 27, சனி

வங்கு ஏறிவிட்டது. கலப்பத்து வேலையும் முடிந்தது: பஞ்சுத்திரியை இணைப்புக்குள் அடித்து இறக்கி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசினார்கள். பஞ்சை இறுக்கமாகத் திணிக்கக் கூடாதாம். பலகை தண்ணீரில் பருக்கும்போது இணைப்பே பிதுங்கிவிடும். இன்று உள்ளே ஒரு சாண் உயரத்துக்குக் கடல்நீர் ஊற்றி வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தோம். அணியத்தின் அருகே மட்டும் கசிவு. ஓடாவி அங்கே சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறார்.

வள்ளம் இனி அந்த மேட்டில் இருக்காது. வெள்ளம் ஓடிய தடம் மணலில் இன்னும் தெரிகிறது. அதை விட்டு விலகி, பனந்தடிகளை ஆழப் புதைத்து வேறு இடம் கட்டியிருக்கிறோம். துளையையும் பெரிதாக்கியாயிற்று, மேலே கூரைபோல் சரிந்த ஓலைப் பந்தல் எப்போதும் இருக்கும். பாய் ஏற்ற மகள் அவசரப்படுகிறாள். சுக்கான் கீல் வாங்க நாளை மறுநாள் தூத்துக்குடி போகிறேன்.