குறை தேடும் காது

ஏழு வருடம் பாட்டுக் கேட்பதையே வேலையாகப் பார்த்தேன். பழைய இசைத்தட்டு, டேப், கேசட், சிடி எல்லாவற்றையும் டிஜிட்டல் கோப்பாக மாற்றி வைக்கிற ஒலிக்காப்பகம் அது. மாற்றிய கோப்பு சரியாக வந்திருக்கிறதா என்று முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை கேட்டுச் சரிபார்க்க வேண்டும். காதில் ஹெட்போன், திரையில் ஒலியின் அலைவடிவம், பக்கத்தில் ஒரு படிவம். எத்தனையாவது நிமிடத்தில் என்ன குறை என்று எழுதுவேன். கீறல் சத்தம், ஒலி அறுந்துபோவது, மின்சார உறுமல், வேகம் ஏறி இறங்குவது, இப்படி.

பாட்டைத் தாண்டிப் போகக் கூடாது என்பது முதல் விதி. எதைக் கேட்பது என்று நாமே பொறுக்கக் கூடாது, வரிசையில் வருவதைத்தான் எடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. யாரோ ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தொகுப்பு பெட்டி பெட்டியாக வரும். காலையில் கர்நாடகக் கச்சேரி கேட்டால் மதியம் ஹெவி மெட்டல், சாயங்காலம் கியூபப் பாட்டு. அதுவரை நான் சினிமாப் பாட்டு மட்டும் கேட்டவன். அதிலும் பல்லவி பிடிக்கவில்லையென்றால் அடுத்ததற்குப் போய்விடுவேன். இந்த இரண்டு விதிகள் இல்லாமல் இருந்திருந்தால் என் காது அங்கேயே நின்றிருக்கும்.

சேர்ந்த புதிதில் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி டேப். ஹிஸ் சத்தம் அதிகம். மூலப் பதிவைத் தொடக் கூடாது, கேட்பதற்கான நகலில் மட்டும் இரைச்சலைக் குறைக்கலாம். பாட்டில்லாத ஓர் இடத்தைக் காட்டினால் மென்பொருள் அங்கே இருப்பதை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு கோப்பு முழுவதிலிருந்தும் கழித்துவிடும். நான் பாடகி ஆரம்பிப்பதற்கு முன்னால் இருந்த சில நொடிகளைக் காட்டினேன். ஹிஸ் போயிற்று. என் மேசைக்கு அடுத்து இருந்த மூத்தவர் வாங்கிக் கேட்டார். "தம்பி, சத்தத்தோட சேர்த்து சுருதியையும் துடைச்சிட்டீங்களே" என்றார். நான் காட்டிய அந்த நொடிகளில் தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. தந்திக்கு அடியில் நூல் வைத்து எடுக்கிற, ஜீவா என்று சொல்லும் அந்த ரீங்காரம், தொடர்ந்து ஒரே மாதிரி ஒலிப்பதால், இயந்திரத்துக்கு இரைச்சலாகிவிட்டது. துடைத்த நகலில் அந்தக் குரல் தரையில்லாத வீட்டில் நிற்பதுபோல இருந்தது. அவ்வளவு நாள் கச்சேரிகளில் தம்புராவை நான் கேட்டதே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

அடுத்த தவறு போர்டிஸ்ஹெட் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் 'டம்மி' என்ற 1994 ஆல்பத்தில். சிடியில் வந்தது. சிடியில் இசைத்தட்டின் பொரிச்சல் சத்தம் எப்படி வரும்? ஏதோ தேய்ந்த தட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று எழுதி, படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். திரும்பி வந்தது. அந்தக் குழுவினர் தாங்களே வாசித்ததைத் தட்டாக அச்சிட்டு, அதை வேண்டுமென்றே தேய்த்துப் பழசாக்கி, அதிலிருந்து துண்டுகளை எடுத்துப் பாட்டுகளைக் கட்டியிருந்தார்கள். இது தெரிந்தபின் மறுபடி கேட்டேன். பாடகி பெத் கிப்பன்ஸின் குரல் மிகவும் அருகில் இருக்கிறது, தாளமும் பொரிச்சலும் எங்கோ பழைய காலத்திலிருந்து வருகின்றன. அந்தத் தூரத்தில்தான் அவர் பாடுகிற தனிமை இருக்கிறது. பொரிச்சலை எடுத்துவிட்டால் வெறும் சோகப் பாட்டாகிவிடும்.

நேர்மாறாக, குறையே கண்ணில் படாத ஆல்பம் ஒன்று. ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. ஜாஸ் எனக்குப் புரியாது என்ற பயத்தோடு உட்கார்ந்தேன். முதல் பாட்டில் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் கேள்வி கேட்க மற்றவர்கள் பதில் சொல்வதுபோல வந்ததும் பயம் போய்விட்டது. படிவத்தில் ஒன்றுமே எழுதவில்லை. ஆனால் அந்த ஆல்பத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு பிழை இருந்தது. மார்ச் 2ஆம் தேதி நடந்த முதல் பதிவில் முக்கிய டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் திருப்பிப் போடும்போது முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் கொஞ்சம் சுருதி ஏறி ஒலித்தன. அதே நேரத்தில் இன்னொரு இயந்திரத்தில் ஓடிய டேப்பைக் கொண்டு 1992 மறுவெளியீட்டில்தான் அதைத் திருத்தினார்கள். எங்களிடம் இரண்டு பதிப்பும் இருந்தன. அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தேன். திருத்தியதில் ட்ரம்பெட் இன்னும் நிதானமாக மூச்சுவிடுகிறது. ஆனாலும் பழையதில் ஒரு மினுமினுப்பு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எது பிடிக்கும் என்று கேட்டால் பழையதைச் சொல்வேன், எது சரி என்று கேட்டால் புதியதை.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' என்ற படைப்பை க்ளென் கூல்டு பியானோவில் இரண்டு முறை வாசித்துப் பதிவுசெய்த இரண்டும் என் மேசைக்கே வந்தன. 1955இல் பதிவுசெய்தது சுமார் 38 நிமிடம், 1981இல் பதிவுசெய்தது சுமார் 51 நிமிடம். இரண்டிலும் அவர் வாசித்துக்கொண்டே முனகுவது கேட்கிறது. பாக்கை அதற்கு முன் நான் சந்தித்தது இளையராஜாவின் 1986 ஆல்பமான 'ஹவ் டு நேம் இட்' வழியாகத்தான். அதில் நம் ராகங்களுக்கு அடியில் தனக்கென்று ஒரு பாதையில் நடக்கிற அடித்தள மெட்டு, கூல்டின் இடது கையிலும் கேட்டது. உடனே அந்நியம் குறைந்துவிட்டது. முதல் பதிவு திறமையில் திணறடிக்கிறது. இரண்டாவதில் 'ஏரியா' என்ற தொடக்க மெட்டு அவ்வளவு மெதுவாக வருகிறது, அடுத்த சுரம் வருமா என்று காத்திருக்கச் சொல்கிறது. அது வெளிவந்த அடுத்த மாதமே, 1982 அக்டோபரில், அவர் இறந்துபோனார். முனகலைப் பற்றிப் படிவத்தில் "கலைஞரின் குரல், நீக்க வேண்டாம்" என்று எழுதினேன்.

ஹெவி மெட்டலோடு கடைசிவரை எனக்கு ஒட்டவில்லை. இரட்டை பேஸ் ட்ரம் வாசிக்கிறவர்களின் துல்லியத்துக்கு மரியாதை உண்டு, அவ்வளவுதான். 2000க்குப் பிறகு வந்த பல ராக், பாப் ஆல்பங்களில் இன்னொரு சிரமம். பழைய பதிவுகளின் அலைவடிவம் திரையில் மலைத்தொடர்போல் ஏறி இறங்கும், இவை மதில்போல் நிற்கும். எல்லாமே உரக்க ஒலிக்க வேண்டும் என்று அமுக்கி ஏற்றியிருப்பார்கள். நாலு பாட்டுக்குள் காது சோர்ந்துவிடும். வாசித்தவர்கள் கிசுகிசுத்த இடமும் கத்திய இடமும் ஒரே உயரத்தில் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

கடைசி வருடத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பாசின்ஸ்கியின் 'டிஸின்டக்ரேஷன் லூப்ஸ்' வந்தது. 1980களில் செய்த, நிற்காமல் சுற்றும்படி முனைகளை ஒட்டிய டேப் சுருள்களை 2001இல் அவர் டிஜிட்டலாக மாற்ற உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வேலைதான். சுருள் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் இரும்பு ஆக்சைடு பூச்சு உதிர ஆரம்பித்திருக்கிறது. இயந்திரத்தின் தலையில் பழுப்புத் தூளைப் பார்த்ததும் உடனே நிறுத்து என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அவர் நிறுத்தாமல் ஓடவிட்டு, உதிர்வதையே பதிவுசெய்துவிட்டார். முதல் பகுதி மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரே சிறு மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஓர் ஓரத்தில் ஒரு சிறு ஓட்டை. அடுத்த சுற்றில் அது பெரிதாகிறது. முடிவில் மெட்டு இருந்த இடத்தில் மௌனமும், இடையிடையே சில துணுக்குகளும். பேனாவைக் கையில் பிடித்தபடியே கேட்டேன், ஒரு நிமிடத்தைக்கூடக் குறிக்கவில்லை.

படிவத்தை மூத்தவர் பார்த்தார். "குறைக் கட்டம் காலியா இருக்கே தம்பி?" என்றார். ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன். முதல் பகுதி முழுவதையும் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வரிசையில் அடுத்தது குழந்தைப் பாட்டு கேசட். நாலாவது நிமிடத்தில் ஒலி அறுந்திருந்தது, குறித்துக்கொண்டேன்.